பறிபோன பட்டமும் மீண்டு பெற்ற பட்டமும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில், மாணவர் விடுதிப் பரிசளிப்பின்போது ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றியே பேசி வந்த என்னை, இவ்வாண்டு விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். தமிழ்ப் பண்டிதனுக்கும் கால்பந்துக்கும் யாது தொடர்பு என்று உங்களுட் சிலர் நகைக்கக் கூடும். உண்மையே, யான் பந்தினை உதைத்தறியேன். மாலைதோறும் விடுதித் திண்ணையில் அமர்ந்து பிள்ளைகள் ஆடுவதைக் கண்டு மகிழ்ந்ததன்றி அவ்வாட்டத்தில் எனக்கு வேறு பயிற்சி இல்லை. எனினும், செயலாளர் அவர்கள் சொல்லைத் தட்டாமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டு நம் விடுதிப் பிள்ளைகள் ஒரு போட்டியில் வென்று கேடயம் கொணர்ந்தனர். அக்கேடயம் பதினெட்டு நாள் நம் கூடத்து அலமாரியில் வீற்றிருந்தது. பத்தொன்பதாம் நாள் அதனைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் ஆட்டக்காரர் இருவர் போட்டிக்குத் தகுதியற்றவர் என்பது போட்டியை நடத்தினோர் முடிபு. அன்று தொட்டு நம்முள் மூவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. ‘இனி விளையாட்டே வேண்டா, படிப்பைப் பார்க்கட்டும்’ என்பார் ஒரு சாரார். ‘நம்மவர் என்பதனாலன்றோ இவ்வாறு செய்தனர்; இனி அவர்கள் நடத்தும் போட்டியில் கால் வைத்தல் கூடாது’ என்பார் மற்றொரு சாரார். ‘வழக்காடி அக்கேடயத்தையே மீட்க வேண்டும்’ என்பார் மூன்றாம் சாரார். இம்மூவர்க்கும் மறுமொழியாக, கடல் கடந்த நாட்டில் ஒரு கலாசாலை அணிக்கும் அதன் பயிற்சியாசிரியர்க்கும் நேர்ந்ததனை இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனில் ஹோவர்டு சர்வகலாசாலை என்பதொன்று உண்டு. அந்நாட்டில் அடிமைமுறை ஒழிக்கப்பெற்றது 1865-ஆம் ஆண்டில். நேற்றுவரை விலைப்பொருளாய் இருந்த கறுப்பின மக்கள் இன்று குடிகளாயினர். ஆனால் அவர்தம் மக்கட்குக் கல்வி கற்பிக்கப் பெரும்பாலான கலாசாலைகள் கதவு திறக்கவில்லை. அந்நிலையில் 1867-இல் நிறுவப்பெற்றது ஹோவர்டு. விடுதலை பெற்ற மக்களின் நலத்திற்கென அரசாங்கம் அமைத்த துறையின் தலைவராயிருந்த ஆலிவர் ஹோவர்டு என்னும் சேனைத் தலைவரின் பெயரே அதற்கு இடப்பெற்றது. கறுப்பினத்தார் பொருட்டே தோன்றிய அக்கழகம், தொடக்கந்தொட்டு இன்னார் இனையார் என்று பாராது எவரையும் சேர்த்துக்கொண்டது. இச்செய்தியை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். இறுதியில் இதற்கு மீள்வேன்.

இனி, அப்பயிற்சியாசிரியர் வரலாற்றிற்கு வருவோம். அவர் பெயர் லிங்கன் பிலிப்ஸ். பிறந்தது 1941-ஆம் ஆண்டு. பிறந்த நாடு டிரினிடாட். கிரிக்கெட் ஆட்டத்தால் நம்மவர் பலர்க்கும் பழகிய பெயர் அது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க 1845 முதல் இந்தியக் கூலியாட்கள் கப்பலேற்றப்பட்டதும், அவருள் சென்னைத் துறைமுகத்தினின்று சென்ற தமிழரும் தெலுங்கரும் இருந்ததும் அத்தீவிற்கே. பிலிப்ஸ் கால்பந்தாட்டத்தில் கோல் காவலராய்ப் புகழ் பெற்றார். 1967-இல் கனடா நாட்டு வின்னிப்பெக் நகரில் நடைபெற்ற பான் அமெரிக்க விளையாட்டுக்களில் மூன்றாம் இடம் பெற்று வெண்கலப் பதக்கம் கொண்ட டிரினிடாட் அணியில் அவர் ஆடினார். அதன்பின் அமெரிக்கா சென்று பால்டிமோர் நகரத்துத் தொழில்முறை அணியிலும், பின் வாஷிங்டன் அணியிலும் சேர்ந்தார். வாஷிங்டன் அணியில் கோல் காவலர் அவரே, பயிற்சியாசிரியரும் அவரே. அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்தில் அப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவர் என அவரைக் குறிப்பர்.

கோல் காவலர் நல்ல ஆசிரியராதற்கு ஏற்றவர் என்பது என் கருத்து. ஏனைய பதின்மரும் பந்தின் பின்னே ஓடுவர். அவர் ஒருவரே நின்ற இடத்தில் நின்று களம் முழுவதையும் காண்பவர். எவன் சோர்ந்தான், எவன் தன்னிடம் விட்டு அகன்றான், எப்பக்கம் வாயில் திறந்து கிடக்கின்றது என்பதெல்லாம் அவர் கண்ணுக்கே புலப்படும். பிறர் பத்துப் பிழை செய்தாலும் ஆட்டத்தின் விரைவில் அவை மறையும். அவர் செய்யும் ஒரு பிழையோ கணக்கில் ஏறும். வகுப்பில் நிற்கும் உபாத்தியாயன் நிலையும் ஏறத்தாழ இதுவே யன்றோ?

1970-இல் பிலிப்ஸ் ஹோவர்டின் பயிற்சியாசிரியப் பொறுப்பை ஏற்றார். அந்நாட்டில் கலாசாலை அணியின் தலைமைப் பயிற்சியாசிரியர் என்பவர் மாலையில் வந்து ஊதுகுழல் ஊதிச் செல்பவர் அல்லர். எங்கெங்கே நல்ல ஆட்டக்காரர் உளர் என்று தேடுதல், அவர்களைக் கலாசாலையிற் சேர்த்தல், பொருளுதவிக்கு வழி செய்தல், வகுப்பில் அவர்கள் பெறும் மதிப்பெண்ணைக் கவனித்தல், களத்திற் பயிற்றுதல் ஆகிய அனைத்தும் அவர் கடமை. வெள்ளையர் கலாசாலைகள் பெரும்பாலும் தத்தம் ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டு ஆடின. ஹோவர்டிலோ டிரினிடாட், ஜமெய்க்கா, நைஜீரியா, கினி முதலாய நாடுகளினின்று கற்க வந்த மாணவர் பலர் இருந்தனர். அவர்கள் இளமை முதல் கால்பந்தில் வளர்ந்தவர்கள். பல நாட்டு மாணவரை, பல பழக்கத்து ஆட்டத்தினரை, ஓரணியாகப் பிணைத்தது பிலிப்ஸின் முதல் அருஞ்செயல்.

கலாசாலைகட்கிடையே நிகழும் போட்டிகளை நடத்துவது தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கம். அச்சங்கம் கால்பந்துக்கு ஆண்டுப் பட்டம் வைத்து நடத்தத் தொடங்கியது 1959-இல். அப்பட்டத்தை முதலிற் பெற்றதும், பின்னர் 1973 வரையுள்ள பதினைந்து ஆண்டுகளுள் பத்து ஆண்டுகளில் அதனைத் தனித்தேனும் பகிர்ந்தேனும் கைக்கொண்டதும் செயின்ட் லூயிஸ் சர்வகலாசாலை. அதனை வெல்லுதல் எளிதன்று என்பது இதனாலேயே விளங்கும்.

பிலிப்ஸ் பொறுப்பேற்ற 1970-ஆம் ஆண்டிலேயே ஹோவர்டு அரையிறுதி வரை சென்றது. மறு ஆண்டு, 1971 டிசம்பரில், மையாமி நகரத்து ஆரஞ்சு பௌல் அரங்கில் இறுதியாட்டம். எதிரே நிற்பது செயின்ட் லூயிஸ். ஹோவர்டு மூன்று கோல், செயின்ட் லூயிஸ் இரண்டு கோல். பட்டம் ஹோவர்டுக்கு! கறுப்பினத்தார்க்கென எழுந்த கலாசாலை ஒன்று அச்சங்கத்தின் முதல் நிலைப் பட்டத்தை எந்த விளையாட்டிலேனும் பெற்றது அதுவே முதன்முறை. பெற்றோரும் பாட்டன்மாரும் பட்ட பாட்டிற்கெல்லாம் ஒரு மாலையில் ஆறுதல் கிடைத்தது போன்ற களிப்பு அவ்வினத்தார்க்கு உண்டாயிற்று என்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் கூடத்து அலமாரியை அப்பதினெட்டு நாளும் பன்முறை வந்து பார்த்துச் சென்ற தாய்மார்கள் இதனை நன்குணர்வார்கள்.

நிற்க. அக்களிப்பு நீடிக்கவில்லை. அச்சங்கத்தார் ஹோவர்டு ஆட்டக்காரரின் தகுதியை ஆராயப் புகுந்தனர். ஆராய்ந்து, சிலர் தகுதியற்றவர் என முடிவு கூறி, 1971-ஆம் ஆண்டுப் பட்டத்தைப் பறித்தனர். 1972-இல் அவ்வணி மீண்டும் அரையிறுதி எய்திய நிலையையும் நீக்கினர். 1973-இல் பட்டப் போட்டியிற் கலக்கும் உரிமையையும் மறுத்தனர். பறித்த பட்டத்தை வேறெவர்க்கும் கொடுக்கவில்லை. வெற்றியாளர் பட்டியலில் அவ்வாண்டின் இடம் வெறுமையாய் விடப்பட்டது.

குற்றச்சாட்டுக்கள் யாவை? இங்கே சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகின்றேன். என் பேச்சின் உயிர் இவ்விடத்திலேயே உள்ளது.

மூன்று விதிகள் முதன்மையாய்ப் பேசப்பட்டன. ஒன்று, கலாசாலையிற் சேரும் மாணவன் நான்கு அலகுள்ள மதிப்பீட்டில் 1.600-க்குக் குறையாது பெறுவான் என்பதனைத் தேர்வு முதலியவற்றால் முன்கூட்டியே கணித்துக் காட்ட வேண்டும் என்பது. இரண்டு, கலாசாலையிற் சேர்ந்த நாள் முதல் ஐந்தாண்டிற்குள் ஒருவன் ஆடும் காலம் முடிய வேண்டும் என்பது. மூன்றாவது விதி வெளிநாட்டு மாணவர்க்கு உரியது. பத்தொன்பது வயது நிறைந்தபின் வேற்று நாட்டில் ஓர் அணியில் ஆடியிருந்தால், அவ்வாறு ஆடிய ஒவ்வோர் ஆண்டும் கலாசாலையில் ஆடிய ஆண்டாகவே கணக்கிற் கழிக்கப்படும் என்பது.

மூன்றாம் விதியின் கொடுமையைக் காண்மின். அமெரிக்கப் பிள்ளை ஒருவன் தன் ஊர்ச் சங்க அணியில் இருபது வயதில் ஆடிப் பின் கலாசாலையிற் சேரலாம், அவனுக்குக் குறைவில்லை. டிரினிடாடுப் பிள்ளை தன் ஊர்ச் சங்க அணியில் அதே வயதில் அதே ஆட்டத்தை ஆடினால் அவனுக்கு ஓராண்டு பறிபோகும். ஆட்டம் ஒன்று, வயது ஒன்று, ஊர் மட்டுமே வேறு. வயதிலும் பயிற்சியிலும் மிக்கவர் இளைஞரொடு மோதலாகாது என்பது விதியின் நோக்கமாயின், அந்நோக்கம் நன்றே. ஆனால் அந்நோக்கத்தைக் காக்கும் விதி எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டுமன்றோ?

ஹோவர்டு வாளாவிருக்கவில்லை, வாஷிங்டன் கோர்ட்டில் வழக்கிட்டது. 1973-இல் நீதிபதி கெசல் என்பார் தீர்ப்பளித்தார். வெளிநாட்டு மாணவர் விதி சமநீதிக்கு மாறானது, ஆதலின் செல்லாது என்றார். ஆனால் ஏனைய இரு விதிகளும் செல்லும் என்றும் அவரே கூறினார். மேல் முறையீட்டிலும் 1975-இல் அத்தீர்ப்பே நிலைத்தது. எனவே அநீதியான விதி ஒழிந்தது. ஆயின் பறிபோன பட்டம் திரும்பவில்லை. மற்றைய விதிகளின்படி கலாசாலையின் பக்கத்திலும் குறை இருந்தமையே காரணம். இன்னொரு வியப்பும் உண்டு. அந்த 1.600 விதியை அச்சங்கத்தாரே 1973-இல் கைவிட்டனர். ஆயினும், விதி நடைமுறையில் இருந்த காலத்தில் அதனை நிறைவேற்றாமை குறையாகவே நின்றது.

அன்பர்களே! ஹோவர்டின் மீது இனப்பகை கொண்டே அவ்வாறு செய்தனர் என்று அன்றும் பலர் கருதினர், இன்றும் கருதுவர். அக்கருத்து ஆதாரமற்றது என்று யான் கூறத் துணியேன். வெள்ளையர் கலாசாலைகள் வென்ற ஆண்டுகளில் எழாத ஐயம் இவர் வென்ற ஆண்டில் எழுந்தது எங்ஙனம் என்னும் வினா எளிதில் மறையக் கூடியதன்று. ஆனால் எதிரியின் நெஞ்சில் பகை இருந்ததென்பதனால் நம் ஏட்டில் இருந்த குறை இல்லையாகி விடாது. பகைவன் நுழைந்தது நாம் திறந்து வைத்த கதவின் வழியே. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏந்துதல் மானமுள்ளவர்க்கு மிக அரிய செயல். ஒன்றை மட்டும் பற்றினால் வெறுப்பே எஞ்சும். மற்றொன்றை மட்டும் பற்றினால் அடிமைத்தனமே எஞ்சும்.

இனி, பிலிப்ஸ் யாது செய்தார்? பதவி துறந்து செல்லவில்லை. அணியைக் கலைக்கவும் இல்லை. பட்டப் போட்டிக்கு உரிமை மறுக்கப்பட்ட 1973-ஆம் ஆண்டிலும் அணி ஏனைய ஆட்டங்களை ஆடியது. பரிசு இல்லை என்பது திண்ணமாய்த் தெரிந்த ஓராண்டு முழுவதும் இளைஞரைக் களத்தில் நிறுத்துவது எத்தகைய செயல்! வென்றாலும் தோற்றாலும் ஒன்றே என்றிருக்கும் காலத்தில் ஒழுங்காய் ஓடுவோனே உண்மையில் ஆட்டக்காரன். இடுக்கண் வந்துழி அழியாமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். யான் அதனை இருபது ஆண்டாய் வகுப்பிற் கற்பித்து வருகின்றேன். எனினும் அதற்கு உரை காண, இவ்வோராண்டைப் போல எடுத்துக்காட்டு எனக்கு முன்னர்க் கிடைத்ததில்லை.

1974 வந்தது. தடை நீங்கிற்று. அவ்வாண்டு ஹோவர்டு ஆடிய ஆட்டங்கள் பத்தொன்பது, வென்றவை பத்தொன்பது. தோல்வி இல்லை, சமனிலும் முடியவில்லை. அடித்த கோல் 63; பெற்ற கோல் 6 மட்டுமே. மூன்று ஆட்டத்திற்கு ஒரு கோல் வீதங்கூட எதிரிகள் அடிக்க இயலவில்லை. கோல் காவலராய் இருந்தவர் பயிற்றிய அணி என்பதற்கு இவ்வெண்ணே சான்று.

இறுதியாட்டம் 1974 டிசம்பரில். ஊழின் ஆடலைக் காண்மின்! எதிரணி, மையாமியில் இவர்களிடம் தோற்ற அதே செயின்ட் லூயிஸ். 1972-லும் 1973-லும் பட்டம் பெற்று மீண்டும் அதனைக் காக்க நிற்பது. ஆடுமிடமோ செயின்ட் லூயிஸ் நகரமே! அவர்கள் ஊர், அவர்கள் மக்கள், அவர்கள் ஆரவாரம். தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது பக்கத்திற்கு ஒரு கோல். கூடுதற் காலம் ஒன்று ஆடினர், முடிவில்லை. இரண்டு ஆடினர், முடிவில்லை. மூன்றும் கழிந்தது. நான்காம் கூடுதற் காலத்தில் நைஜீரிய மாணவர் கென்னத் இலோடிக்வே அடித்த பந்து வலையைச் சேர்ந்தது. ஹோவர்டு இரண்டு, செயின்ட் லூயிஸ் ஒன்று.

இம்முறை அப்பட்டத்தை எவரும் பறிக்கவில்லை. இன்றளவும் ஏட்டில் அது ஹோவர்டின் பெயராலேயே நிற்கின்றது. மேல் முறையீட்டுத் தீர்ப்பு வந்தது அதற்கு மறு ஆண்டு என்பதனையும் நோக்குங்கள். கோர்ட்டின் சொல்லுக்குக் காத்திராமல் களத்திலேயே அவர்கள் தம் சொல்லைக் கூறிவிட்டனர். ஆயினும் வழக்கு வீணாகவில்லை. அதன் பயன் பின்னர் வரும் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சென்றது. களத்தின் வெற்றி அணிக்கு. கோர்ட்டின் வெற்றி வழி வருவோர்க்கு.

பிலிப்ஸ் ஏறத்தாழப் பத்தாண்டு ஹோவர்டில் பணியாற்றினார். பின்னர் வேறொரு சர்வகலாசாலையிலும் பயிற்றினார். தாய்நாடாகிய டிரினிடாடின் கால்பந்துக் கழகத்திலும் பொறுப்பேற்று இளையோர்க்கு வழிகாட்டினார். தம் வரலாற்றைத் தாமே நூலாகவும் எழுதினார். 2016-இல் இவ்வணியின் கதை ஓர் ஆவணப் படமாயும் வெளிவந்தது. அவர் வாழ்வில் இவை யாவும் சிறப்புடையனவே. எனினும் அவரை நாம் நினைத்தற்குரிய ஆண்டு, என் அளவில், பட்டம் பெற்ற 1971-உம் அன்று, 1974-உம் அன்று. ஒன்றும் பெறாது ஆடிய 1973-ஏ ஆகும்.

இனி நம் வீட்டிற்கு மீள்வோம்.

நம் ஆட்டக்காரர் இருவர் விலக்கப்பட்டனர் என்றேன். அவ்விருவரின் வழக்கும் ஒன்றல்ல. ஒருவன் முந்திய ஆண்டு வேறு ஜில்லாவில் படித்தவன் என்பது குற்றம். நம் ஊரில் பள்ளி மாறி வந்த பிள்ளைகளை ஏற்கும் அவ்விதி, வெளியூரிலிருந்து வந்தவனை மட்டும் தள்ளுகின்றது. இஃது அநீதி. மற்றொருவனுடைய வயதுச் சான்றிதழ் உரிய நாளில் போய்ச் சேரவில்லை. இது நம் குறை. ‘நம்’ என்று பொதுவாய்க் கூறி ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. விடுதியின் கல்விக் கண்காணிப்பு என்னுடையது. அச்சான்றிதழ் என் மேசை அறையில் ஏழு நாள் கிடந்தது. தேர்வுத் தாள் திருத்தும் வேலையில் அதனை மறந்தவன் யானே. இவ்வோராண்டாக நீங்கள் பிறரைப் பழித்தபோதெல்லாம் யான் வாய் திறவாதிருந்தேன். பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் தன்னால் கேடயம் போயிற்று என்று எண்ணித் தலை கவிழ்ந்து திரிந்ததையும் கண்டேன். மகனே, நீ இங்கே அமர்ந்திருக்கின்றாய், இச்சபை அறியச் சொல்லுகின்றேன், குற்றம் உன்னுடையதன்று, உன் ஆசிரியனுடையது. பொறுத்தருள வேண்டும்.

ஆதலின், மூவகைக் கருத்தினர்க்கும் என் விண்ணப்பம் இது. ஆட்டத்தை நிறுத்த வேண்டா. போட்டியைப் புறக்கணிக்கவும் வேண்டா. போன கேடயத்திற்கென வழக்காடவும் வேண்டா. வெளியூர்ப் பிள்ளைகளைத் தள்ளும் அவ்விதியை மாற்றுமாறு மட்டும் ஒரு மனு எழுதியுள்ளேன். நம் குறையை மறையாது ஒப்புக்கொண்டே அது தொடங்குகின்றது. கூட்டம் முடிந்தபின் வாயிலில் வைக்கப்படும். படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையொப்பமிடுங்கள். சான்றிதழ்களை இனி யான் ஒருவனே வைத்திராது, செயலாளர் அவர்களும் பார்த்துக் குறிக்கும்படி ஒரு பதிவேடும் தொடங்கியுள்ளோம்.

மற்றொன்று. ஹோவர்டு இன்னார் இனையார் என்று பாராது எவரையும் சேர்த்தது என்று முன்னர்க் கூறினேன். அதனாலன்றோ டிரினிடாடு தந்த ஆசிரியரும் நைஜீரியா தந்த மாணவரும் அதன் பெயரை உயர்த்தினர். நம் விடுதி வேலிக்கு அப்பால் நின்று நம் பிள்ளைகள் ஆடுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் நம் குலத்தவர் அல்லர். வெளியூரான் என்று நம் பிள்ளையைத் தள்ளியது தவறாயின், வேலிக்கு வெளியே அவர்களை நிறுத்தியிருப்பதற்கு யாது பெயர்? இதனை முடிவு செய்வது யான் அல்லேன், சங்கத்துப் பெரியோர்களே. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று வணங்கிக் கேட்டுக்கொள்ளுகின்றேன்.

மாணவர்களே, வரும் முதல் தேதியன்று மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி தொடங்கும். இவ்வாண்டுப் போட்டியில் நமக்கு இடம் கிடைக்குமோ, கிடையாதோ. அஃது அவர்கள் கையில். களத்தில் ஐந்து மணிக்கு நிற்பது நம் கையில். பழைய பந்து கிழிந்துவிட்டது என்றீர்கள். புதியது ஒன்று என் பொறுப்பு. அது யான் செலுத்தும் தண்டம் என்று கொள்ளுங்கள்.